ஒரு பல் குறைந்தால்

1960 வாக்கில் அமெரிக்க ஹோண்டா நிறுவனத்தின் விற்பனைக் கணக்கில் ஒரு புதிர் தென்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து டீலர்கள் எல்லாரும் சேர்ந்து விற்ற 50 சிசி ஹோண்டாக்களைவிட அதிகமாக, ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் ஒரே ஒரு டீலர் விற்றுக்கொண்டிருந்தார். காரணம் என்ன என்று விற்பனை மேலாளர் ஜாக் மெக்கார்மக் விசாரித்தார். ஹெர்ப் ஊல் என்ற அந்த டீலர், பின் சக்கரத்தில் பெரிய ஸ்பிராக்கெட்டையும் (செயின் சுற்றும் பல்சக்கரம்) முரட்டுப் பள்ளங்கள் கொண்ட டயரையும் மாட்டி, வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் மலைக்காட்டுக்குள் போகிறவர்களுக்கு வண்டியை விற்றிருக்கிறார். எஞ்சின் அதே எஞ்சின்தான். 1958இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வண்டியின் 49 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 9500 சுற்றில் 4.5 குதிரைத்திறன் தந்தது. கடைக்காரப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி வடிவமைத்த நகரத்து வண்டி அது. அதே 4.5 குதிரைத்திறன், சில பற்கள் கூடியதும், மலையேறத் தொடங்கியது. ஹோண்டா அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு 1961இல் டிரெயில் 50 என்ற வண்டியைத் தானே தயாரித்து விற்றது.

இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. எஞ்சினின் திறன் துளியும் கூடாதபோது, ஏற முடியாத வண்டி எப்படி ஏறியது? நம் ஊர் மெக்கானிக் கடைகளில் இதற்குப் புழங்கும் பதில், "பின் பல்லைக் கூட்டினால் பிக்கப் கூடும், ஸ்பீடு குறையும், முன் பல்லைக் கூட்டினால் ஸ்பீடு கூடும், மைலேஜும் கூடும்" என்பது. இதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதி சிறிய வண்டிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் தவறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததால் வந்த குழப்பம் இது. கியர் விகிதம் என்பது எஞ்சினை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய எண் அல்ல. சாலையும் சுமையும் காற்றும் எஞ்சினிடம் என்ன கேட்கின்றன என்பதற்கான விடை அது. கேள்வி மாறினால் விடையும் மாற வேண்டும். கேள்வி மாறாமல் விடையை மட்டும் மாற்றினால் நட்டம்தான். இந்த அத்தியாயம் முழுவதும் சொல்ல வருவது இதைத்தான். கொஞ்சம் கணக்குப் போட்டால் இதை ஐயமின்றி நிறுவலாம்.

எஞ்சினின் வேகம் பின் சக்கரத்தை அடைவதற்குள் மூன்று முறை குறைக்கப்படுகிறது. கிராங்கிலிருந்து கிளட்சுக்கு ஒரு முறை, கியர் பாக்ஸுக்குள் ஒரு முறை, கடைசியாகச் செயினில் ஒரு முறை. முதல் இரண்டும் எஞ்சின் கூட்டுக்குள் அடைபட்டவை; அவற்றை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டும். மூன்றாவது வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் முன் ஸ்பிராக்கெட் மூன்று சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும், விகிதம் 3. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் விகிதம் 3.23 ஆகிறது, அதாவது 7.7 சதவீதக் கூடுதல். இதே விளைவைப் பின்னால் பெற வேண்டுமானால் 42ஐ 45 ஆக்க வேண்டும், விகிதம் 3.21. முன்னால் ஒரு பல் பின்னால் ஏறக்குறைய மூன்று பல்லுக்குச் சமம். "ஒரு பல்தானே" என்று சாதாரணமாக எண்ணி முன் ஸ்பிராக்கெட்டை மாற்றுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இனி ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். எந்த நிறுவனத்தின் வண்டியும் அல்ல. நம் சாலைகளில் ஓடும் 100 சிசி வண்டிகளின் சராசரி அளவுகளைக் கொண்டு கணக்குக்காக அமைத்தது. எஞ்சின் அதிகபட்சம் 5.9 கிலோவாட், அதாவது 8 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8000 சுற்றில் தருகிறது. முறுக்குவிசை 5000 சுற்றை ஒட்டி 8 நியூட்டன் மீட்டர். செயினும் கியர்களும் சேர்ந்து 12 சதவீதத்தை விழுங்குகின்றன. பின் டயர் ஒரு சுற்றில் 1.85 மீட்டர் உருள்கிறது. முன்னால் 14, பின்னால் 42 பல். டாப் கியரில் மொத்த விகிதம் 10.5, மூன்றாம் கியரில் 13.65. இந்த வண்டி டாப் கியரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 5675 முறை சுற்றுகிறது. 13 பல் மாட்டினால் அதே வேகத்தில் 6110 சுற்று; 15 பல் மாட்டினால் 5300.

இருவரை ஏற்றிக்கொண்டு இந்த வண்டி ஒரு மேட்டில் ஏறட்டும். வண்டி 110 கிலோ, ஓட்டுபவரும் பின்னால் உட்கார்ந்தவரும் 135 கிலோ. பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் மேடு. மலைச்சாலைகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியதுதான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ள எவ்வளவு விசை வேண்டும்? புவியீர்ப்பை எதிர்க்க 240 நியூட்டன். டயர் தரையில் நசுங்கி உருள்வதால் வரும் இழப்புக்கு 36. காற்றுக்கு 44. ஆக மொத்தம் 320 நியூட்டன். மூன்றாம் கியரில் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையையும் கொடுத்தால் சக்கரத்தின் விளிம்பில் கிடைப்பது 326. மிச்சம் வெறும் 6 நியூட்டன். எதிர்க்காற்று லேசாக வீசினாலோ, முன்னால் போகும் பேருந்துக்காகச் சற்று வேகம் குறைத்தாலோ அந்த 6 போய்விடும். வண்டி தொய்ந்து தொய்ந்து இரண்டாம் கியரைக் கேட்கும். இரண்டாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 7000 சுற்றைத் தாண்டி அலறும். சத்தம் பொறுக்காமல் ஓட்டுபவர் 30க்கு இறங்கிவிடுவார். இப்போது 13 பல்லை மாட்டிப் பாருங்கள். மூன்றாம் கியரில் கிடைக்கும் விசை 351 ஆகிறது. மிச்சம் 31 நியூட்டன். முன்பு இருந்ததைப்போல ஐந்து மடங்கு.

பல் மாற்றத்தைப் பற்றிய பேச்சுகளில் விட்டுப்போவது இந்த மிச்சம்தான். விகிதம் கூடியது எட்டு சதவீதத்துக்கும் குறைவு; ஓட்டுபவர் உணர்வது ஐந்து மடங்கு. சம்பளம் எட்டு சதவீதம் உயர்ந்து வீட்டுச் செலவு அப்படியே இருந்தால், மாதக் கடைசியில் கையில் நிற்கும் தொகை பல மடங்கு ஆவதைப் போன்றது இது. வண்டி "உயிர் பெற்றது" என்று ஓட்டுபவர்கள் சொல்லும்போது அவர்கள் மிகைப்படுத்துவதில்லை. உடல் உணர்வது மொத்த விசையை அல்ல, முடுக்கத்தை. முடுக்கத்தைத் தருவது மிச்சம் மட்டுமே. அதே காரணத்தால், மிச்சம் ஏற்கெனவே தாராளமாக உள்ள சமதளச் சாலையில், தனியாளாக ஓட்டுகிறவருக்கு அதே 13 பல் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டாது. இருவரும் தம் அனுபவத்தைச் சரியாகவே சொல்கிறார்கள். அவர்களுடைய சாலைகள்தான் வேறு.

இங்கே இயற்பியல் தெரிந்தவர் ஒரு மறுப்பை எழுப்பலாம். விசை கூடியது என்றால் ஆற்றல் எங்கிருந்து வந்தது? பல்சக்கரம் ஆற்றலை உண்டாக்காதே? உண்மை, உண்டாக்காது. ஆனால் அதே 40 கி.மீ. வேகத்தில் 14 பல்லோடு 4900 சுற்றில் இருந்த எஞ்சின், 13 பல்லோடு 5300 சுற்றில் இருக்கிறது. ஏறக்குறைய அதே முறுக்குவிசையை நிமிடத்துக்கு 400 முறை கூடுதலாகச் செலுத்துகிறது. அவ்வளவு பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கிறது. எஞ்சினின் உச்சத் திறனான 5.9 கிலோவாட் ஒரு வாட்கூடக் கூடவில்லை. அந்த உச்சத்தை நோக்கி எஞ்சினைச் சற்று நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவே. சுற்றாத எஞ்சின் திறன் தராது. மேட்டில் தொய்கிற சிறிய வண்டியிடம் திறன் இல்லாமல் இல்லை; அந்த வேகத்தில் அதைக் கொடுக்கும் சுழற்சிக்கு எஞ்சினை வரவிடாமல் விகிதம் தடுத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எதிர்த்திசையில் போனால், 15 பல் மாட்டினால், வேகம் கூட வேண்டாமா? காகிதத்தில் கூடும். 8000 சுற்றில் 14 பல் வண்டி மணிக்கு 84 கி.மீ. போகும், 15 பல்லோடு அதே சுற்றில் 90. ஆனால் 90இல் போவதற்குச் சக்கரத்தில் எவ்வளவு திறன் வேண்டும் என்று காற்றைக் கேட்க வேண்டும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கமாகவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனமாகவும் வளர்கின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவரோடு இந்த வண்டிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 கிலோவாட்டுக்குச் சற்று மேல் போதும். 84இல் 5.2 கிலோவாட். 90இல் 6.3. செயினும் கியரும் எடுத்ததுபோகச் சக்கரத்தில் நம்மிடம் இருப்பதே 5.2. ஆக 84 என்பது ஸ்பிராக்கெட் விதித்த எல்லை அல்ல. காற்று விதித்த எல்லை. வண்டியை வடிவமைத்தவர்கள் உச்சத் திறன் வரும் சுற்றும் உச்ச வேகமும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி விகிதத்தை வைத்திருந்தால், 15 பல் மாட்டியவர் 90ஐத் தொட மாட்டார். எஞ்சின் 7400 சுற்றிலேயே திணறி நிற்பதால் ஒன்றிரண்டு கி.மீ. குறையவும் கூடும். இறக்கத்திலும் பின்காற்றிலும் மட்டுமே அவருக்கு ஆதாயம். பெரிய எஞ்சின் வண்டிகளில் நிலைமை வேறு; அங்கே திறன் உபரியாக இருப்பதால் விகிதமே எல்லையாக இருக்க முடியும். அந்த வண்டிகளைப் பற்றிய அனுபவத்தை 100 சிசிக்கு அப்படியே பொருத்தியதால்தான் "முன் பல் கூட்டினால் ஸ்பீடு" என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மைலேஜ் பற்றிய வாதத்தில் கூடுதலாக உண்மை இருக்கிறது. ஆகவே அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரே வேகத்தில் போகத் தேவையான திறன் மாறாதபோது, எஞ்சின் மெதுவாகச் சுற்றி, திராட்டில் சற்று அதிகம் திறந்திருப்பது சிக்கனம். பிஸ்டனும் வளையங்களும் உரசுவதில் வீணாவது குறையும். பாதி மூடிய வழியில் காற்றை உறிஞ்சப் படும் பாடும் குறையும். நம் மாதிரி வண்டி 14 பல்லோடு கிலோமீட்டருக்கு 5675 சுற்றுச் சுற்றுகிறது; 15 பல்லோடு 5300. நான்குவழிச் சாலையில் தனியாக, 50 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போகிறவருக்கு 15 பல் உண்மையாகவே சிறிது மிச்சப்படுத்தும். ஆனால் பாலம், சிக்னல், பின்னால் ஒருவர், கேரியரில் மூட்டை என்று அன்றாடம் ஓடும் வண்டியில், டாப் கியரில் இழுக்காததால் அவர் மூன்றாம் கியருக்கு அடிக்கடி இறங்குவார். மூன்றாம் கியரில் 15 பல் வைத்து ஓட்டுவது டாப் கியரில் 14 வைத்து ஓட்டுவதைவிட எஞ்சினை வேகமாகச் சுற்ற வைக்கும். கியர் இறக்க மனமில்லாமல் டாப்பிலேயே திணறவிட்டால் எஞ்சின் தட்டும், சூடேறும். சேமித்தது இரண்டு வழியிலும் போய்விடும்.

இவ்வளவுக்கும் எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான கேள்வி, "வண்டியில் கியர் எதற்கு இருக்கிறது?" என்பது. மேடு வந்தால் ஒரு கியர் இறங்க வேண்டியதுதானே. அதற்காக ஏன் பல்லை மாற்ற வேண்டும்? பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான பதில் என்று தயங்காமல் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள் மலைக்குப் போகிறவர் ஸ்பிராக்கெட்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பதில் இரண்டு இடங்களில் தோற்கிறது. முதலாவது, முதல் கியருக்குக் கீழே இறங்க இடமில்லை. ஐடஹோவின் காட்டுப்பாதையில் நின்ற 49 சிசி வண்டி முதல் கியரில் ஏறவில்லை என்றால் ஏறவே ஏறாது. மொத்த ஏணியையும் கீழே இறக்குவது தவிர வழி கிடையாது. இரண்டாவது, தினசரிப் பாதையின் மேடு இரண்டு கியர்களுக்கு நடுவே விழும்போது. மேலே சொன்ன 6 நியூட்டன் மேடு அப்படிப்பட்டது. ஒன்றில் தொய்வு, மற்றதில் அலறல். இங்கே எச்சரிக்கை ஒன்றும் தேவை. ஸ்பிராக்கெட் எல்லாக் கியர்களையும் ஒரே அளவில் நகர்த்துகிறது. கியர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அது குறைப்பதில்லை. உங்கள் மேட்டிலிருந்து இடைவெளியை அகற்றி வேறொரு மேட்டுக்குத் தள்ளிவிடும். அந்த வேறு மேடு உங்கள் பாதையில் இல்லை என்றால் ஆதாயம். இருந்தால் தொல்லை இடம் மாறியிருக்கும், தீர்ந்திருக்காது.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?" என்பது இன்னொரு மறுப்பு. தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் பதில் சொன்ன கேள்வி வேறு. கடலோரச் சமவெளியில் தனியாக ஓட்டுபவர், குடும்பத்தோடு ஓட்டுபவர், பால்கேன் கட்டியவர், மலைவாசி என்று அத்தனை பேருக்கும் ஒரே வண்டியை விற்க வேண்டியிருப்பதால், எவருக்கும் பெரிய குறை இல்லாத ஓர் எண்ணில் நிற்கிறார்கள். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் உறிஞ்சும் ஆக்சிஜனும், அதனால் அதன் முறுக்குவிசையும் அதே அளவுக்குக் குறைகின்றன. நம் மாதிரி வண்டியின் 326 நியூட்டன் அங்கே 260க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு பல் தரும் எட்டு சதவீதம் அதை ஈடுகட்டவே முடியாது. சென்னைக்கும் உதகைக்கும் ஒரே விகிதம் சரியாக இருக்க வழியே இல்லை. நிறுவனங்களும் இதை மறைப்பதில்லை. ஹோண்டா 2020இல் வெளியிட்ட சி.டி. 125 வண்டி, சூப்பர் கப் சி 125 வண்டியின் எஞ்சினைத் தழுவியதுதான். மண்பாதைக்கான வண்டி என்பதால் பின் ஸ்பிராக்கெட்டில் பல் அதிகம். டிரெயில் வண்டிகளின் தொடக்க காலத்தில் அவர்கள் இன்னும் வெளிப்படையாக இருந்தார்கள். பெரிய ஸ்பிராக்கெட் மாட்டிய வண்டி காட்டில் நன்றாக ஏறியது. ஆனால் காடுவரை போகும் தார்ச்சாலையில் எஞ்சின் அலறியது. அதற்காகப் பின் சக்கரத்தில் சிறியதும் பெரியதுமாக இரண்டு ஸ்பிராக்கெட்டுகளை ஒட்டி வைத்து, காட்டின் விளிம்பில் செயினோடு கூடுதல் துண்டு ஒன்றைக் கோத்துப் பெரியதற்கு மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். 1960களின் பிற்பகுதியில் டிரெயில் 90 வண்டியில் அந்த வேலையைக் கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு லீவரிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு சாலைகளுக்கு இரண்டு விகிதம் வேண்டும் என்பதை உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மாற்றுவது என்று முடிவு செய்தபின், முன்னால் மாற்றுவதா பின்னால் மாற்றுவதா என்ற தேர்வு இருக்கிறது. விகிதக் கணக்கில் இரண்டும் ஒன்றானாலும் செயினுக்கு இரண்டும் ஒன்றல்ல. எஞ்சின் அதே முறுக்குவிசையைக் கொடுக்கும்போது, முன் ஸ்பிராக்கெட் சிறுத்தால் செயினின் இழுவிசை 7.7 சதவீதம் கூடுகிறது. பின்னால் 45 பல் மாட்டினால் செயினின் இழுவிசை கூடுவதே இல்லை. கூடுதல் விசை சக்கரத்தில்தான் பிறக்கிறது. மேலும் செயின் வட்டத்தைச் சுற்றுவதில்லை, பலகோணத்தைச் சுற்றுகிறது. 14 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் 25.7 டிகிரி மடங்குகிறது. 13 பல்லில் 27.7. அந்தப் பலகோணத்தால் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்குகிறது: 14இல் 2.5 சதவீதம், 13இல் 2.9, 11க்குப் போனால் 4 சதவீதம். 42 பல் கொண்ட பின் சக்கரத்தில் இது 0.3 சதவீதத்துக்கும் குறைவு. அதிர்வும் தேய்மானமும் முன்பக்கத்தில்தான் பிறக்கின்றன. பின் பல்லைக் கூட்டுவதே செயினுக்கு நல்லது என்று இதிலிருந்து துணிந்து சொல்லலாம். இருந்தும் மெக்கானிக்குகள் முன் ஸ்பிராக்கெட்டையே பரிந்துரைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு: அது மலிவு, பத்து நிமிட வேலை, செயின் நீளமும் மாற வேண்டியதில்லை. அச்சைச் சுமார் 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் போதும். பின்னால் மூன்று பல் கூட்டினால் அச்சு 10 மில்லிமீட்டர்வரை முன்னால் வர வேண்டும். அதற்கு இடம் இல்லாவிட்டால் செயினில் கண்ணி சேர்க்க வேண்டும். செயினை முழுவதும் மூடும் கவர் உள்ள வண்டிகளில் பெரிய ஸ்பிராக்கெட் கவரிலேயே உரசும்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வரும் வண்டிகளில் பல் மாற்றம் வேகக் காட்டியைப் பாதிக்காது. கியர் பாக்ஸிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் அது காட்டும் எண்ணும், ஓடிய தூரக் கணக்கும் தவறும். 13 பல் மாட்டிய அப்படிப்பட்ட வண்டி 60 காட்டும்போது உண்மையில் 56இல்தான் போய்க்கொண்டிருக்கும். மைலேஜ் கணக்கும் அதே அளவு பொய்யாகும். பல் மாற்றிப் பார்த்து "மைலேஜ் குறையவே இல்லை" என்று சொல்கிறவர் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். பழைய செயினோடு புது ஸ்பிராக்கெட்டை இணைப்பதும் தவறான சோதனை. செயின் "நீண்டுவிட்டது" என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. ஊசிகளும் புஷ்களும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் சிறு இடைவெளி விழுகிறது. நம் 100 சிசி வண்டிகளில் பரவலாக உள்ள 428 செயினில் கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீட்டர். தேய்ந்த செயினில் அந்த அளவு கூடிப்போய், புதுப் பல்லின் அடியில் உட்காராமல் அதன் தோளில் ஏறி அதையும் அரிக்கத் தொடங்கும். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளும் ஒன்றாக மாறும் நாள் எப்படியும் வரும். விகிதத்தை மாற்றிப் பார்க்க அதுவே ஏற்ற சமயம், ஏனென்றால் கூடுதல் செலவு அநேகமாக எதுவும் இல்லை. முன்னால் ஒரு பல், அல்லது பின்னால் இரண்டு மூன்று. அதற்கு மேல் ஒரே முறையில் போகாமல், தினசரிப் பாதையில் எந்த மேட்டில் எந்தக் கியரில் எந்த வேகம் நின்றது என்பதை மாற்றுவதற்கு முன் ஒரு வாரமும் மாற்றிய பின் ஒரு வாரமும் குறித்து ஒப்பிட்டால், 13ஆ 14ஆ என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.